இலங்கையின் தேசிய வருமானத்தை அறுபது ஆண்டுக்கு ஒரே கோட்டில் வரைய முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 1960 முதல் இன்று வரை இலங்கையின் மொத்தத் தேசிய வருமானத்தை ஒரே வரைபடமாகப் போட வேண்டும். மத்திய வங்கியின் பழைய அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது, உலக வங்கித் தரவில் இன்னொன்று இருக்கிறது, எதை எடுப்பது? கூடவே, மத்திய கிழக்கில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் இதற்குள் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேசியக் கணக்குகளோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் பார்த்த எண்களில் பெரும்பாலானவை சரியானவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. அதனால் எது என்னத்தை அளக்கிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால், எதை எடுப்பது என்பது தானே தெளிவாகும்.

உள்நாட்டு உற்பத்தி என்பது இலங்கையின் எல்லைக்குள் நடந்த உற்பத்தியின் பெறுமதி. அதைச் செய்தவர் யாராகவும் இருக்கலாம். தேசிய வருமானம் என்பது இலங்கையில் வதிபவர்களுக்குச் சேர்ந்த வருமானம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, வெளிநாட்டிலிருந்து இவர்களுக்கு வந்த சம்பளம், வட்டி, இலாபம் ஆகியவற்றைக் கூட்டி, இங்கிருந்து வெளியாருக்குப் போன அதே வகை வருமானங்களைக் கழிக்க வேண்டும். மத்திய வங்கியின் சென்மதி நிலுவை (நாடு வெளிநாடுகளோடு செய்த கொடுக்கல் வாங்கல்களின் கணக்கு) அட்டவணையில் 'முதலாந்தர வருமானம்' என்று ஒரு வரி இருக்கும். அதன் தேறிய தொகைதான் இந்த வித்தியாசம். பழைய அறிக்கைகளில் 'மொத்தத் தேசிய உற்பத்தி' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதே கணக்குத்தான்.

இனி மத்திய கிழக்குப் பணம். இதில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் தங்குபவர் கணக்கு விதிப்படி அந்த நாட்டில் வதிபவர். ஆகவே அவருடைய சம்பளம் குவைத்தின் வருமானம். அவர் அம்மாவுக்கு அனுப்பும் பணம், ஒரு நாட்டில் வதிபவர் இன்னொரு நாட்டில் வதிபவருக்குக் கொடுத்த மாற்றல். அது 'இரண்டாந்தர வருமானம்' என்ற வேறொரு கணக்கில் போகிறது, தேசிய வருமானத்துக்குள் வருவதில்லை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 'மொத்தத் தேசியச் செலவிடத்தக்க வருமானம்' என்ற அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் போனவரின் சம்பளமும், கப்பலில் வேலை செய்பவரின் சம்பளமும் மாத்திரம் தேசிய வருமானத்துக்குள் வரும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தாலும், வங்கியில் பணம் வந்து விழும்போது அனுப்பியவர் எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு நடைமுறையில் மதிப்பீடுதான்.

இந்த வேறுபாடு இலங்கைக்கு மிகப் பெரியது. வங்கிகள் வழியாக வந்த பணவனுப்பல்கள் 2020இல் ஏறக்குறைய 710 கோடி டொலர். 2021இல் அது 549 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. அத்தனை பேரும் வேலையை விட்டுத் திரும்பி வந்துவிடவில்லை. டொலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலே கட்டிவைத்திருந்த மாதங்களில் வெளிச் சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால், பணம் உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக நடக்கும் பணமாற்றம், வழியாக வீட்டுக்குப் போனது. குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது, கணக்குக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் காலத்துச் செலவிடத்தக்க வருமானத் தொடரைப் பார்க்கும்போது அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அப்படியே நம்பாதீர்கள். ஆனால் தேசிய வருமானத் தொடரை இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தொடுவதில்லை, ஏனென்றால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி முதலிலிருந்தே அதற்குள் இல்லை.

அப்படியானால் இலங்கையின் தேசிய வருமானத்துக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் இடையே வித்தியாசத்தை உண்டாக்குவது எது? காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது, அதுதான் உங்கள் வரைபடத்தின் சுவையான பகுதி. தொடக்க ஆண்டுகளில் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் கணிசமானவை இலண்டனில் பதிவான கம்பனிகளின் கையில் இருந்தன. அவற்றின் இலாபம் இங்கே உற்பத்தியாகி அங்கே வருமானமானது. தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் இருந்த உறவுகளுக்கு அனுப்பிய பணமும் நாட்டை விட்டுப் போனதுதான், ஆனால் அவர்கள் இலங்கையில் வதிந்தவர்கள் என்பதால் அது மேலே சொன்ன மாற்றல் கணக்கில்தான் சேரும். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபின் அந்த இலாப ஓட்டம் நின்றது. பிறகு மெதுவாக வேறொன்று அந்த இடத்துக்கு வந்தது: வட்டி. 2007இல் இலங்கை முதன்முதலாக 50 கோடி டொலருக்குச் சர்வதேச இறைமை முறிகளை, அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்க விற்கும் பத்திரங்களை, விற்றது. அடுத்த பத்தாண்டில் அந்த வகைக் கடன் பெருகப் பெருக, வெளியே போகும் வட்டியும் பெருகியது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் முதலாந்தர வருமானக் கணக்கின் பற்றாக்குறை ஆண்டுக்கு ஏறக்குறைய 240 கோடி டொலர். உள்நாட்டு உற்பத்தியில் இது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வீதம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. பணம் வெளியே போகவில்லை, எனவே அந்த ஆண்டு தேசிய வருமானம் அந்தளவுக்குக் கூடியிருக்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். கணக்கு விதி அப்படி இல்லை. வட்டி, கட்டிய நாளில் அல்ல, சேர்ந்த நாளில் பதியப்படும். கட்டாத வட்டியும் வெளியாரின் வருமானம்தான், அது நிலுவைக் கடனாக வேறொரு பக்கத்தில் ஏறி நிற்கும்.

எல்லாத் தீவுகளுக்கும் இந்தக் கழித்தல் ஒரே திசையில் போவதில்லை. பசிபிக்கில் உள்ள கிரிபாட்டியில் உள்நாட்டு உற்பத்தி சிறியது. தன் கடலில் சூரை பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணமும், வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகளின் சம்பளமும், பொஸ்பேற்றுத் தாது தோண்டிய காலத்தில் சேமித்த நிதியத்தின் வருவாயும் சேர்ந்து அதன் தேசிய வருமானத்தை உற்பத்தியைவிட வெகு மேலே கொண்டுபோகின்றன. அயர்லாந்தில் 2015இல் பன்னாட்டுக் கம்பனிகள் தம் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றியதால், உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் 26 வீதம் 'வளர்ந்தது'. தேசிய வருமானமும் அதோடு சேர்ந்தே ஊதியதால், திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஒரு அளவையை அவர்கள் உருவாக்க வேண்டியதாயிற்று. தேசிய வருமானம் என்றாலே மக்கள் கைக்கு வந்த பணம் என்று எண்ணுபவர்கள் அயர்லாந்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இலங்கையில் அந்த அளவுக்குக் கோளாறு இல்லை. ஆனாலும் வெளிநாட்டுக் கம்பனிகள் இங்கேயே மறுமுதலீடு செய்யும் இலாபமும் விதிப்படி வெளியாரின் வருமானம் என்பதையும், அதை அறிய கம்பனிகள் நிரப்பித் தரும் படிவங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, இப்போது உங்களை உண்மையில் சிக்க வைத்த இடத்துக்கு வருவோம், அதாவது தொடர்களை ஒட்டுவது. அறுபது ஆண்டுக்கு இலங்கையிடம் ஒரே தொடர் இல்லை. மத்திய வங்கி 1959, 1970, 1982, 1996 என்று அடியாண்டுகளை (கணக்குக்கு அடிப்படையாக எடுக்கும் ஆண்டுகளை) மாற்றி மாற்றிக் கணக்கிட்டது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2002, 2010, 2015 என்ற அடியாண்டுகளில் கணக்கிட்டது. இரண்டு நிறுவனமும் தனித்தனியே மதிப்பீடு வெளியிட்ட காலமும் உண்டு. பழைய அறிக்கைகள் பல 'காரணிச் செலவு விலை'யில் இருக்கும், புதியவை சந்தை விலையில் இருக்கும். மறைமுக வரியைக் கூட்டி மானியத்தைக் கழித்தால்தான் முன்னது பின்னதாகும். இதைக் கவனிக்காமல் ஒட்டினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு இடத்தில் காட்டுகிறேன். 2002 அடியாண்டுத் தொடரில் 2009இன் நடைமுறை விலை (அந்த ஆண்டின் விலையிலேயே கணக்கிட்ட) உள்நாட்டு உற்பத்தி 4,835 பில்லியன் ரூபாய், 2010இன் உற்பத்தி 5,604 பில்லியன். வளர்ச்சி ஏறக்குறைய 16 வீதம். 2010 அடியாண்டுத் தொடரில் அதே 2010க்கு 6,414 பில்லியன். 2009ஐப் பழைய தொடரிலிருந்தும் 2010ஐப் புதிய தொடரிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி 33 வீதம் போலத் தெரியும். யாரும் அந்த ஆண்டில் அப்படிச் செழித்துவிடவில்லை. முன்பு சரியாகப் பிடிபடாத சேவைகளும் சிறு தொழில்களும் புதிய கணக்கில் பிடிபட்டன, அவ்வளவுதான். அவை 2009இலும் இருந்தவைதான்.

ஆகவே ஒட்டும் முறை இது: இரண்டு தொடரும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஆண்டை எடுத்து, புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுங்கள். இங்கே அது 6,414 ஐ 5,604 ஆல் வகுத்தால் வரும் 1.14. பழைய தொடரின் எல்லா ஆண்டையும் அதனால் பெருக்குங்கள். பழைய வளர்ச்சி வீதங்கள் அப்படியே இருக்கும், மட்டம் மாத்திரம் உயரும். நேர்மையாகச் சொன்னால் இதிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. 2010இல் பிடிபடாமல் இருந்த 14 வீதம் 1975இலும் அதே 14 வீதமாகவே இருந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படி இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இதைவிட நல்ல வழி இருப்பவர்கள் அந்த ஆண்டுகளின் மூலத் தரவைத் துறைவாரியாகத் திரும்பக் கணக்கிட வேண்டும். தனியாளுக்கு அது ஆகாத வேலை.

மட்டம் மாறுவது போதாதென்று, வளர்ச்சி வீதமும் மாறும். 2012க்குப் பழைய தொடரில் 6.3 வீதம், 2010 அடியாண்டுக்கு மாறியபின் 9.1 வீதம். 2013க்குப் பழையதில் 7.2, புதியதில் 3.4. இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆண்டின் வளர்ச்சி வீதத்தை வைத்து ஓர் அரசாங்கத்தைப் புகழ்வதோ திட்டுவதோ ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஐந்தாண்டுச் சராசரிகளை நான் நம்புவேன். தனி ஆண்டுகளின் தசமப் புள்ளிகளை நம்ப மாட்டேன்.

அடுத்தது விலையும் நாணயமும். நடைமுறை விலையில், ரூபாயில் வரைந்தால் உங்கள் கோடு ஏறக்குறைய எப்போதும் மேலேதான் ஏறும். 2021இல் 17.6 இலட்சம் கோடி ரூபாயாக இருந்த உற்பத்தி 2022இல் 24 இலட்சம் கோடியாயிற்று. அதே ஆண்டில் நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தை நீக்கிப் பார்த்தால், பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு எந்த எண் உண்மை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரி, டொலரில் வரைந்தால்? அங்கே வேறு பொறி இருக்கிறது. 1968 முதல் 1977 வரை இலங்கையில் இரட்டைச் செலாவணி வீதம் இருந்தது. சில இறக்குமதிக்கு ஒரு விலை, மற்றவற்றுக்கு இன்னொரு விலை. 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி, டொலருக்கு 16 ரூபாய் என்று தொடங்கினார்கள். உலக வங்கித் தரவில் பார்த்தால் உற்பத்தி 1977இல் சுமார் 410 கோடி டொலர், 1978இல் சுமார் 270 கோடி டொலர். வரைபடத்தில் அது ஒரு பேரழிவு போலத் தெரியும். ஆனால் 1978 பொருளாதாரம் நன்றாக வளர்ந்த ஆண்டு. அதற்கு முந்தைய டொலர் எண்கள், செயற்கையாக உயர்த்திப் பிடித்த ரூபாயால் வீங்கியவை. '1960களில் நாங்கள் இந்த நாட்டைவிட முன்னால் இருந்தோம்' என்று டொலர்க் கணக்கைக் காட்டிப் பேசுபவர்கள் கட்டுப்பாட்டு வீதங்களின் காலத்து எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் குலுக்கலைக் குறைக்கத்தான் உலக வங்கி அட்லஸ் முறையைக் கையாள்கிறது. மூன்று ஆண்டுச் செலாவணி வீதத்தை, பணவீக்க வித்தியாசத்துக்கு ஏற்பச் சரிசெய்து சராசரியாக எடுப்பார்கள். நீங்கள் உலக வங்கித் தரவில் கண்ட தலைக்குரிய எண் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நாடுகளை வகைப்படுத்த அது போதும், ஒரு நாட்டின் வரலாற்றை வரைய அது ஏற்றதல்ல. 2019 ஜூலையில் 4,060 டொலர் தலைக்குரிய வருமானத்தோடு இலங்கை உயர் நடுத்தர வருமான நாடு ஆயிற்று. அடுத்த ஜூலையில் 4,020 டொலரோடு கீழ் நடுத்தரத்துக்கு இறங்கியது. குறைந்தது 40 டொலர்தான். முதல் ஆண்டில் எல்லை 3,996 டொலரில் தொடங்கியது, மறு ஆண்டில் அது 4,046க்கு உயர்ந்துவிட்டது. எல்லைக்கோடு அதே இடத்தில் நின்றிருந்தால் இலங்கையும் அதே வகையில் நின்றிருக்கும். அப்போது எழுதப்பட்ட தலையங்கங்களில் இந்த விவரத்தைச் சொன்னவை மிகக் குறைவு.

தலைக்கு எவ்வளவு என்று வகுக்கப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ள எண்ணும் ஆடும். 2011க்கு மக்கள் தொகை 2 கோடியே 8 இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2012 தொகைமதிப்பில் எண்ணிப் பார்த்தபோது 2 கோடியே 3 இலட்சத்து 59 ஆயிரம். வெளியிட்டபடியே இரண்டையும் பயன்படுத்தினால், ஒரே இரவில் தலைக்குரிய வருமானம் இரண்டு வீதத்துக்கு மேல் கூடியதாக வரும். 2024 தொகைமதிப்பிலும் அதுவரை சொல்லிவந்த 2 கோடியே 20 இலட்சத்தைவிடக் குறைவாக, 2 கோடியே 17 இலட்சத்து 63 ஆயிரம்தான் வந்தது. தொகைமதிப்பு ஆண்டுகளை ஊன்றுகோலாக வைத்து, இடைப்பட்ட ஆண்டுகளைச் சீராக நிரப்புங்கள்.

இதுவரை சொன்னவை தெரிந்த சிக்கல்கள், தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய அடுத்த தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 1991இல் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் வடக்கு, கிழக்கின் ஏழு மாவட்டங்களில் முழுமையாக எண்ண முடியவில்லை. குடும்ப வருமான, செலவின ஆய்வில் 2002இல் வடக்கும் கிழக்கும் இல்லை, 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை, 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. தேசிய வருமானத்தில் அந்தப் பிரதேசங்களுக்கு ஏதோ ஒரு எண் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த ஆண்டுகளில் அது நேரடியாக அளந்த எண்ணல்ல. மீன்பிடித் தடையில் கட்டிக் கிடந்த படகுகளும், விதைத்தும் அறுக்காத வயல்களும், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளும் அந்த மொத்தத்துக்குள் எப்படிப் பதிந்தன என்பதை இன்று எந்த முறையாலும் மீட்டெடுக்க முடியாது. இந்த முப்பது ஆண்டுகளையும் உங்கள் கோட்டில் மற்ற ஆண்டுகளைப் போலவே தடித்த கோடாக வரையாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன். புள்ளிக் கோடாக விடுங்கள், அடியில் காரணத்தை எழுதுங்கள். அந்த இடத்தில் எண் இல்லாமல் போனதற்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு திருத்தம் உண்டு, செய்ய மனமிருந்தால். தீவு நாடு விற்பதைக் கொண்டுதான் வாங்க வேண்டும். 1973-74இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது, அதே அளவு தேயிலையை ஏற்றுமதி செய்து முன்பைவிட மிகக் குறைந்த எண்ணெயைத்தான் வாங்க முடிந்தது. நிலையான விலை உற்பத்தி இந்த இழப்பைக் காட்டாது. ஏற்றுமதிப் பெறுமதியை ஏற்றுமதி விலையால் சுருக்காமல் இறக்குமதி விலையால் சுருக்கினால்தான் அது வெளிப்படும், அது உண்மைத் தேசிய வருமானத்துக்கான முறையான வழிகளில் ஒன்று. இறக்குமதி, ஏற்றுமதி விலைச் சுட்டெண்கள் மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளில் கிடைக்கும். அவற்றிலும் அடியாண்டு மாற்றங்கள் உண்டு, மேலே சொன்னபடியே ஒட்டுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், திணைக்களத்தின் 2015 அடியாண்டுத் தொடரை முனையாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வளர்ச்சி வீதங்களால் 1960 வரை போவேன். ஒவ்வொரு ஆண்டுக்கும் உள்நாட்டு உற்பத்தியில் முதலாந்தர வருமானக் கணக்கின் பற்றாக்குறை எத்தனை வீதம் என்று அந்தந்தக் காலத்துச் சென்மதி நிலுவையிலிருந்து எடுத்து, அந்த வீதத்தைக் கழிப்பேன். பணவனுப்பல்களைத் தனிக் கோடாக, 1970களின் பிற்பகுதியிலிருந்து போடுவேன். டொலரை விட்டுவிடுவேன். வேறு நாட்டோடு ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் கொள்வனவு ஆற்றல் சமநிலை எண்களை (நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைச் சரிசெய்த எண்களை) எடுங்கள், ஆனால் அவற்றை 1990க்கு முன்னே இழுக்காதீர்கள். கணக்குத் தாளில் ஒவ்வொரு கலத்துக்கும் பக்கத்தில் எந்த அடியாண்டு, எந்த விலை, எந்த ஆண்டு அறிக்கை என்று ஒரு நிரல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடியாண்டு மாற்றம் வரும்போது முழுவதையும் திரும்பச் செய்யாமல் தப்பலாம். ஒட்டிய தாளை இங்கே போட்டால் 1977க்கும் 2010க்கும் இடையிலுள்ள இணைப்புகளை நான் பார்த்துச் சொல்கிறேன்.